நாற்பது கிராம் கசப்பு

பதிவான இடம்: பொது மருத்துவமனை, மூன்றாம் தளம், சிறுநீரகப் பிரிவுக்கு வெளியே உள்ள காத்திருப்பு அறை. வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று பத்து. காவல் நிலைய எழுத்தர் எழுதியது.

என் பெயரும் முகவரியும் அடையாள அட்டையில் உள்ளபடி மேல்தாளில் எழுதப்பட்டிருக்கின்றன. வயது நாற்பத்தாறு. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன். வேலையிடத்திலும் தெருவிலும் எல்லாருக்கும் நான் கசப்பக்கா. இரண்டாம் மாடியில் இரண்டு அறை உள்ள வீட்டில் கணவரோடு குடியிருக்கிறேன். பிள்ளைகள் இல்லை. கணவர் சரக்கு வேன் ஓட்டுகிறார். அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், அதே கட்டடத்தில் கீழ்வீட்டில் இருக்கிறார். நானும் அவரும் பேசிக்கொள்வோம், சிரித்துப் பேசிக்கொள்வதில்லை. என் கணவருக்கு நான் விஷம் கொடுத்தேன் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத வேண்டாம். கோபம் இருக்கிறது. ஆனால் அவர் நினைத்ததில் நியாயமும் இருக்கிறது, அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

வண்டிகளின் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் தயாரிக்கும் இடத்தில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். அதில் பாதி தண்ணீர், பாதி எத்திலீன் கிளைகால். இந்தக் கிளைகால் நல்ல விஷம், ஆனால் இனிக்கும். பச்சைச் சாயமும் போட்டுவிட்டால் பார்ப்பதற்கு எலுமிச்சைச் சர்பத் போலவே இருக்கும். குழந்தையோ நாயோ தெரியாமல் குடித்துவிடக் கூடாது என்பதற்காக அதில் ஒரு வெள்ளைப் பொடி கலக்கிறோம். டெனடோனியம் பென்சோயேட் என்று பெயர். உலகத்தில் இதைவிடக் கசப்பானது கிடையாது என்று சொல்வார்கள். மரத்துப்போக வைக்கும் மருந்து தேடிக்கொண்டிருந்த யாரோ சிலர் கையில் இது தற்செயலாக வந்து சேர்ந்ததாம், எங்கள் மேனேஜர் சொன்னது. பொடியால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு நாற்பது கிராம் போதும், முதல் சொட்டிலேயே எவனும் துப்பிவிடுவான். அந்த நாற்பது கிராமைப் போடுவதுதான் என் வேலை.

இந்தப் பொடி கையை விட்டுப் போகாது. கையுறை போட்டாலும், மூன்று தரம் சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் இருக்கும். அதனால் எங்கள் வீட்டில் சமைப்பதும் பரிமாறுவதும் கணவர்தான். நான் தொட்டால் கதவுப் பிடிகூடக் கசக்கும் என்பார். "உன் கைமணம் ஊருக்கே தெரியும், நீ போய் உக்காரு" என்று சிரிப்பார். நான் சாப்பிடுவது கரண்டியால்தான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை வழக்கம்போலத் தொட்டி கலக்கும் நாள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் கலப்போம், மற்ற நாட்களில் கேன்களில் நிரப்புவோம். பொடி டப்பாவை எடை போட்டேன், எண்ணூற்றுப் பன்னிரண்டு கிராம் இருந்தது, பதிவேட்டில் எழுதினேன். அதன் பிறகு மூடியைத் திறக்கும் நேரத்தில் சாய டிரம் கொண்டுவந்த வண்டிக்காரர் வாசலில் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார், டிரம்மை இறக்கியதற்குக் கையெழுத்துக் கேட்டார், போனேன். அவரோடு ஒரு டிரம் நசுங்கியிருந்ததைப் பற்றி வாய்ச்சண்டை, அது பத்து நிமிடம் ஓடியது. அதன் பிறகு திரும்பி வந்தால் டப்பா மூடியபடி அலமாரியில் இருக்கிறது, தராசு காலியாக இருக்கிறது. போட்டேனா, போடவில்லையா? நினைவுக்கு வரவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தொட்டியில் உள்ளதை நாக்கில் வைக்கக் கூடாது, அது விஷம். அதனால் கையுறையைக் கழற்றி மணிக்கட்டை நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்போம். பொடியை அள்ளியிருந்தால் தூசி பறந்து மணிக்கட்டில் படிந்திருக்கும், கசக்கும். நானும் தொட்டுப் பார்த்தேன். கசந்தது. போட்டாகிவிட்டது என்று முடிவு செய்தேன். பதினோரு வருடமாக ஊறிப்போன கை, பொடியைத் தொட்டாலும் கசக்கும், தொடாவிட்டாலும் கசக்கும் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

போட்ட பிறகு டப்பாவை மறுபடி எடை போட வேண்டும் என்பது விதி. அதை நாங்கள் யாரும் செய்வதில்லை. முன்னெடையில் நாற்பதைக் கழித்து எழுதிவிடுவோம். நானும் எழுநூற்று எழுபத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் உங்களிடம் காட்டிய பதிவேட்டில் இருப்பது என் கையெழுத்துதான். அந்த எண் பொய்.

அன்று மாலை கணவரின் வேனுக்காக அந்தத் தொட்டியிலிருந்தே கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப்போனேன், அது மேனேஜருக்குத் தெரிந்த வழக்கம்தான். எப்போதும் வெள்ளைக் கேனில் எடுத்துப்போவேன். அன்று கேனின் மூடி உடைந்திருந்ததால், கம்பெனி சாப்பாட்டு அறையில் கிடந்த சர்பத் பாட்டிலைக் கழுவி அதில் ஊற்றினேன். எந்தப் புத்தியுள்ளவரும் செய்யாத காரியம். நாங்கள் செய்வோம், அவ்வளவு கசப்பை யார் வாய்க்குள் விடப்போகிறார்கள் என்ற தைரியம்தான். வீட்டில் வாசலை ஒட்டிச் சாவி மாட்டும் இடத்துக்குக் கீழே வைத்தேன். கணவரிடம் சொல்ல மறந்தேன். செவ்வாய் காலை ஆறு மணிக்கு அவர் எழுவதற்கு முன்பே வேலைக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு செவ்வாய் மதியம் இரண்டே முக்காலுக்கு வீடு திரும்பியபோது கதவு திறந்திருந்தது. கணவர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"பாத்தியா உன் புருஷன் லட்சணத்த? ஆறு வருஷம் ஒழுங்கா இருந்தான். மறுபடி ஆரம்பிச்சுட்டான்" என்றார்.

என் கணவர் ஆறு வருடத்துக்கு முன்பு வரை நன்றாகக் குடித்தவர். அந்தக் குழறலும் அந்தத் தள்ளாட்டமும் எனக்குப் பழகியவை. ஆத்திரம் தலைக்கேறியது, சட்டையைப் பிடித்து இழுத்து முகத்தருகே போனேன். நாற்றம் இல்லை. பதினான்கு வருடம் அந்த வாயை முகர்ந்து பார்த்துப் பார்த்து வாழ்ந்தவள் நான், எனக்குத் தெரியாதா? குடித்த ஆளின் ஆட்டம் அத்தனையும் இருந்தது, குடித்த நாற்றம் மட்டும் இல்லை. அதன் பிறகுதான் ஜன்னல் விளிம்பில் அந்தச் சர்பத் பாட்டிலைப் பார்த்தேன். கால்வாசி காலியாக இருந்தது. பக்கத்தில் ஐஸ் கரைந்த டம்ளர்.

"இத நீங்களா குடிச்சீங்க?"

"அக்கா எனக்குன்னு வாங்கி வெச்சுதுன்னு நெனச்சேன்" என்றார். நாத்தனார் அந்தச் சர்பத்தை அவருக்கு அடிக்கடி வாங்கிக் கொடுப்பது உண்மை.

"எப்படிங்க இருந்துச்சு?"

"இனிப்பாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் கொழகொழன்னு."

இனிப்பு என்ற அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. வண்டிக்காரர், நசுங்கிய டிரம், மணிக்கட்டு, எழுநூற்று எழுபத்திரண்டு, எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றது. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன், அவர் எங்கள் வேனையே எடுத்தார், கணவரை ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் படி இறக்கினோம். மூன்றரைக்கு இந்த மருத்துவமனைக்கு வந்தோம். நாத்தனார் பின்னால் வாடகை வண்டியில் வந்தார்.

பணியில் இருந்த டாக்டரம்மா பார்த்ததும் "குடிச்சிருக்காரா?" என்றார். "இல்லம்மா, குடிச்சிருந்தா நான் கூட்டிட்டே வந்திருக்க மாட்டேன்" என்றேன். கையில் இருந்த பாட்டிலைக் காட்டி, உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சொன்னேன். அதற்கப்புறம் அந்த அம்மா நடக்கவில்லை, ஓடினார். இரத்தம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். அதன் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இதற்கு மாற்று மருந்து ஒன்று உண்டு, இங்கே இருப்பு இல்லை, வேறு ஊரிலிருந்து வர நாளைக் காலை பத்து மணியாகும். அதுவரை வேறு ஒரு வழிதான் இருக்கிறது.

"சாராயம்" என்றார். "வெள்ளையா இருக்கிறது, நாப்பது சதவீதம். வாசனை, இனிப்பு எதுவும் சேர்க்காதது. சீக்கிரம் வாங்கிட்டு வாங்க."

நான் கேட்டது சரிதானா என்று நின்றேன். அவர் பொறுமையாகவே விளக்கினார். நீங்கள் எழுதுவதற்காக அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "கிளைகால் அப்படியே இருந்தா அவ்வளவு கெடுதல் பண்ணாதும்மா. ஈரல்தான் அத உடைச்சு அமிலமா மாத்துது. அது போய் கிட்னில கல்லு கல்லா அடைக்குது. ஈரல்ல இருக்கிறது ஒரே ஒரு கவுண்டர். சாராயத்த முன்னாடி நிக்க வெச்சுட்டா கவுண்டர் அதையேதான் பாத்துக்கிட்டிருக்கும். கிளைகால் பின்னாடியே நின்னு நின்னு சிறுநீரோட வெளிய போயிடும்."

"இவர் ஆறு வருஷமா தொடலைங்க டாக்டர்."

"இன்னிக்குத் தொட்டாத்தான் உண்டு" என்றார்.

மருத்துவமனைக்குப் பின் தெருவில் இருக்கும் மதுக்கடைக்கு ஓடினேன். வாழ்க்கையில் அந்தப் படியை நான் மிதித்ததில்லை, மிதித்தவர்களைத் திட்டியிருக்கிறேன். வரிசையில் நின்ற ஆண்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருவர்கூட வாய் திறக்காமல் வழி விட்டார்கள். பாட்டிலை வாங்கிக்கொண்டு மருத்துவமனை வாசலுக்குத் திரும்பும்போது நாத்தனார் வாடகை வண்டியிலிருந்து இறங்கினார். கையில் இருந்ததைப் பார்த்தார். நான் நின்று விளக்கவில்லை. நேரமில்லை, அவரிடம் விளக்கிப் பழக்கமும் இல்லை. அது என் தப்பு. உங்களிடம் அவர் சொன்ன சாட்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அதன் பிறகு டாக்டரம்மா அளந்து, பழச்சாற்றில் கலந்து கொடுத்தார். கணவருக்கு அப்போது நினைவு இருந்தது. டம்ளரை முகர்ந்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"என்னச் சோதிக்கிறியா?" என்றார்.

"இது மருந்துங்க."

"குடிக்கிறவன் எல்லாம் இதத்தான் சொல்லுவான்" என்றார். நர்ஸ் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் மறுபடி தலையாட்டினார். "செத்தாலும் பரவால்ல, வேணாம். ஒரு வாய் உள்ள போச்சுன்னா நான் என்ன ஆவேன்னு உனக்குத் தெரியும்." எனக்குத் தெரியும். ஆனாலும் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு, பாட்டில் பிடுங்கிப் பழகின இந்தக் கையாலேயே புகட்டினேன். வாசலில் நாத்தனார் நின்று பார்த்தது இதைத்தான். "அடிப்பாவி!" என்று கத்திவிட்டு அவர் போனார்.

கணவர் முழுவதையும் குடித்து முடித்தார். பிறகு கொஞ்ச நேரம் உதட்டை நக்கிப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, "கசக்கலையே" என்றார்.

நான் காலி டம்ளரை வாங்கிக்கொண்டுபோய்க் கழுவினேன்.

இந்த இடத்தில் ஆறு வருடத்துக்கு முந்தைய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். அப்போது அவர் வேலையை விட்டு நின்று, பகலிலேயே குடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் வேலையிடத்திலிருந்து அந்தப் பொடியில் ஒரு சிட்டிகை காகிதத்தில் மடித்து எடுத்து வந்தேன். அது திருட்டு, எழுதிக்கொள்ளுங்கள். அவர் தூங்கும்போது நக நுனியில் ஒட்டும் அளவு எடுத்து அவருடைய பாட்டிலில் போட்டேன். மறுநாள் அவர் துப்பினார், கடையை மாற்றினார். அதிலும் போட்டேன். சரக்கை மாற்றினார். அதிலும் போட்டேன். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "உடம்பே வேணாம்னு சொல்லுதுடி, நாக்குக்கே வெறுத்துப்போச்சு" என்றார். அன்றிலிருந்து தொடவில்லை. "நான் அத விடல, அதுதான் என்ன விட்டுடுச்சு" என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். தன் புத்திமதியால்தான் தம்பி திருந்தினான் என்று நாத்தனார் இன்றுவரை சொல்கிறார். நானும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். ஆறு வருடமாகக் கணவரிடம் இதைச் சொன்னதில்லை. நாக்கு வெறுக்கவில்லை, நான்தான் வெறுக்க வைத்தேன் என்று தெரிந்தால் அடுத்த கடையைத் தேடிப் போய்விடுவாரோ என்ற பயம்.

அதன் பிறகு இரவு முழுவதும் மூக்குக் குழாய் வழியாக நர்ஸ்தான் கொடுத்தார், இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரமும் ஓடியது. புதன்கிழமை பத்து மணிக்கு மாற்று மருந்து வந்ததும் சாராயத்தை நிறுத்தினார்கள். நேற்று மாலை சிறுநீர் ஒழுங்காகப் பிரிகிறது, பிழைத்துக்கொண்டார் என்று டாக்டரம்மா சொன்னார். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

செவ்வாய்க்கிழமை மாலையே மேனேஜருக்குப் போன் செய்து, இந்தத் தொட்டியில் பொடி விழவில்லை, கேன்களை வெளியே விடாதீர்கள் என்று சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, கையெழுத்தை நம்புகிறவர். "பதிவேட்டுல நாப்பது கிராம்னு இருக்கேம்மா. உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லாத பதற்றத்துல பேசறீங்க" என்றார். புதன்கிழமை நீங்கள் வந்து கேட்டீர்கள். அந்தக் கூலன்ட் கசக்கும் என்று கம்பெனி சொல்கிறது, கசப்பை ஒருவர் தெரியாமல் ஒன்றரை டம்ளர் குடிக்க முடியாது, ஆகவே அவராகச் சாகக் குடித்திருக்க வேண்டும் அல்லது யாரோ கட்டாயப்படுத்திக் குடிக்க வைத்திருக்க வேண்டும் என்றீர்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அன்று சொன்னேன். அது பொய். தவறை ஒப்புக்கொண்டால் வேலை போகும், பழைய கதையும் வெளியே வரும், அவர் உயிரே இன்னும் நிச்சயமில்லை, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

நேற்று இரவு கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி போனில் சொன்னாள், நூற்றுத் தொண்ணூற்றொன்பது கேன்களும் புதன்கிழமையே கடைகளுக்குப் போய்விட்டன என்று. ஆய்வக முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்று உங்கள் ஆய்வாளர் சொன்னார். மூன்று வாரம் எதற்கு? இப்போதே ஆளை அனுப்பி, அலமாரியில் இருக்கும் பொடி டப்பாவை எடை போடச் சொல்லுங்கள். திங்கட்கிழமைக்குப் பிறகு அதை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். பதிவேட்டின்படி எழுநூற்று எழுபத்திரண்டு இருக்க வேண்டும். எண்ணூற்றுப் பன்னிரண்டு இருக்கும். அந்த நாற்பது கிராமைப் பார்த்த பிறகு மேனேஜர் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க மாட்டார். எங்கோ ஒரு வீட்டில் யாராவது அதை ஒரு சர்பத் பாட்டிலில் ஊற்றி வைப்பதற்கு முன்னால் கேன்கள் திரும்பி வர வேண்டும். மற்றதெல்லாம் பிறகு எழுதலாம் என்று சொன்னேன். எழுத்தர் பேனாவை வைத்துவிட்டு ஆய்வாளருக்குப் போன் செய்தார். இருபது நிமிடம் கழித்து அங்கிருந்து பதில் வந்தது, எண்ணூற்றுப் பன்னிரண்டு. மேனேஜர் கடைகளுக்குப் போன் போட உட்கார்ந்துவிட்டார் என்றும் சொன்னார்கள். அதன் பிறகு தொடர்ந்தேன். இது நடந்ததையும் இதிலேயே எழுதச் சொன்னேன்.

கடைசியாக ஒன்று. இன்று காலை ஒன்பது மணிக்கு, உங்களை வரச்சொல்லும் முன்னால், கணவரிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"அப்ப கசந்துச்சே, அது நீதானா?"

"ஆமாங்க."

"எத்தன நாளு?"

"பதினோரு நாளு."

திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியைக் கண்ணால் காட்டினார். செவ்வாய்க்கிழமை வாங்கியதில் மீதி அரைப் பாட்டில் அங்கே இருந்தது, யாரும் எடுத்துப் போடவில்லை.

"நேத்திலேர்ந்து அதையேதான் பாத்துக்கிட்டிருக்கேன். எடுத்துக் கொட்டுன்னு சொல்லக்கூட வாய் வரல" என்றார். அதன் பிறகு, "மூடியத் தொறந்து உன் விரல அதுல விடு" என்றார்.

நான் வேலைக்குப் போய் மூன்று நாளாயிற்று, இங்கே ஆயிரம் தரம் கை கழுவியாயிற்று, இப்போது என் கையில் ஒன்றும் இருக்காது என்று சொன்னேன்.

"விடு. கசக்கும்" என்றார்.

விட்டேன். மூடினேன். அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, தூங்கிவிட்டார். பாட்டில் அதே அலமாரியில்தான் இருக்கிறது, சான்றுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்.

நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார்கள். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, இதில் உள்ளது முழுக்க நடந்தது. திங்கட்கிழமை பதிவேட்டில் போட்ட அதே கையெழுத்தைத்தான் இதன் கீழும் போடுகிறேன். அது எடை பார்க்காமல் போட்டது. இது பார்த்துப் போடுவது.

(கையெழுத்து)